ஒரே தோடி, மூன்று தட்டு

நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் என்னிடம் மூன்று பிரதிகளாக இருக்கிறது. மூன்றும் 78 சுற்று கிராமபோன் பிளேட்டுகள். அதே கொலம்பியா கம்பெனி, லேபிளில் அதே எண், அதே வாசிப்பு. ஆனால் அடுத்தடுத்துப் போட்டால், மூன்று ஊரில் மூன்று நாள் வாசித்தது என்றுதான் புதிதாகக் கேட்பவர் நினைப்பார்.

முதலாவது மதுரைப் பக்கத்து வீடொன்றிலிருந்து வந்தது. உறைகூடக் கசங்கவில்லை, தட்டில் முகம் பார்க்கலாம். இரண்டாவது திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு மிராசு வீட்டுப் பரணில் கிடந்தது, மேலே சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். மூன்றாவது, மைக்செட் வைத்திருந்த யாரோ ஒருவரின் சாமான்களோடு கும்பகோணத்துப் பழைய பாத்திரக் கடைக்கு எடைக்கு வந்தது. விளிம்பில் சிறு விரிசல். வருஷக்கணக்காக மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டேன். தோடி இருப்பது அந்த விரிசல் தட்டில்.

ஒரே எண் போட்ட தட்டுகள் எப்படி இவ்வளவு வேறுபடும்? அந்தக் காலத்தில் வாசிப்பை முதலில் மெழுகில் கீறுவார்கள். மெழுகிலிருந்து உலோக நகல், அதிலிருந்து இன்னொரு நகல், அதிலிருந்து அச்சு. கல்கத்தா டம்டம் ஆலையில் அரக்கும் கல்பொடியும் கரியும் கலந்த சூடான கட்டியை அந்த அச்சுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். அச்சு தேயும். தேயத்தேயப் பள்ளத்தின் கூர்மை மழுங்கும். ஆகவே புது அச்சில் விழுந்த தட்டும், நாளைக்கு மாற்றப்போகிற அச்சில் விழுந்த தட்டும் ஒன்றாகா. ஜாஸ் தட்டு சேகரிக்கும் அமெரிக்கர்கள் நடுவே பாட்டு இல்லாத வழுவழுப்பான வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆர்.வி.ஜி. என்ற எழுத்து இருக்கிறதா என்று தேடுவதும் ஒரே எண் போட்ட தட்டுகள் ஒன்றாக இருப்பதில்லை என்பதால்தான். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தம் கையால் வெட்டிய மூலத்திலிருந்து வந்த தட்டு என்பதற்கு அது முத்திரை.

பளபளக்கும் என் மதுரைத் தட்டு களைத்த அச்சில் விழுந்தது என்பது என் ஊகம். கரகரப்பே இல்லை, ஆனால் நாயனம் அடுத்த தெருவில் ஒலிக்கிறது. மிராசு வீட்டுத் தட்டின் சங்கதி வேறு. நாகஸ்வரம் வீதிக்கென்று பிறந்த வாத்தியம். நான்கு மாட வீதியும் கேட்க வேண்டும் என்று ஊதுவது. ஓசை பெருகப் பெருகப் பள்ளம் அகலமாக வளைந்து ஓடும். பழைய கிராமபோன் பெட்டியின் கனத்த தலையும் எஃகு ஊசியும் அந்த வளைவுகளைத்தான் உளி போலச் செதுக்கித் தள்ளும். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்பது கணக்கு. அந்த வீட்டில் ஒரே ஊசி வாரக்கணக்கில் ஓடியிருக்க வேண்டும். மந்திரத்தில் நன்றாகவே இருக்கும் தட்டு, தார ஸ்தாயிக்கு ஏறியதும் கிழிகிறது. பள்ளம் நடுவை நோக்கிச் சுருங்கச் சுருங்க ஊசிக்குக் கீழே ஓடும் நீளம் பாதிக்கும் கீழே குறைந்துவிடுவதால், கடைசி அரை நிமிஷத்தில் சேதம் இன்னும் அதிகம். ஆலாபனை உச்சிக்குப் போவதும் அந்த அரை நிமிஷத்தில்தானே!

விரிசல் தட்டில் முதல் சில சுற்றுக்கு டக் டக் என்று இடிக்கும். அதைத் தாண்டியதும் திறந்துகொள்கிறது. நாக்கு, நாயனத்தின் ஊதுவாயான சீவாளியைத் தொட்டு விடுகிற இடம் தெரிகிறது. கார்வையில் மூச்சு மெல்லத் தடித்து மறுபடி மெலிவது தெரிகிறது. காந்தாரம் அசையும்போது எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது என்று அளந்துவிடலாம். கரகரப்பு உண்டு, சிறு தூறல் மாதிரி. இரண்டு நிமிஷத்தில் காது அதை ஒதுக்கி வைத்துவிடும். மைக்செட்காரருக்குத் தட்டுதான் பிழைப்பு. ஊசியை ஒழுங்காக மாற்றியிருப்பார்.

தட்டு பொறுக்குவதை நான் நாயனக்காரர்களிடம் கற்றேன். காவிரிக் கரை நாணலில் செய்த சீவாளிகள் அவர்கள் நாயனத்தில் கொத்தாகத் தொங்கும். எது அழகு என்று யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றாக எச்சிலில் நனைத்து, செருகி, ஊதி, அன்றைக்குப் பேசுவதை வைத்துக்கொள்வார்கள். தட்டையும் கண்ணால் வாங்கக் கூடாது.

காதால் வாங்கும்போது முதலில் சுருதியைப் பிடியுங்கள். பிள்ளைவாள் கையில் நிலைபெற்றது நீளமான பாரி நாயனம். அது இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்பது. பெட்டி நிமிஷத்துக்கு நாலரைச் சுற்று கூட ஓடினால் போதும், அரைக் கட்டை ஏறிவிடும். பாரி, குட்டை நாயனமான திமிரி போல ஒலிக்கத் தொடங்கிவிடும். அதைவிட மோசம், கமகத்தின் நடை அவசரப்படும். தோடிக்கு அவசரம் ஆகாது. சுற்றைத் திருத்தாமல் ஒரு தட்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

அடுத்தது ஊசி. எல்.பி. என்கிற நீளத்தட்டின் ஊசிமுனை இதற்கு உதவாது. அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 78-க்கு ஏறக்குறைய மூன்று பங்கு வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் இறங்கி அழுக்கை உழுதுகொண்டு போகும். முனை அளவைச் சற்றே மாற்றினால், பழைய எஃகு தொடாத சுவரைப் போய்த் தொடும். செத்தது என்று வைத்த தட்டு அப்படிப் பேசிய நாட்கள் உண்டு. மிராசு வீட்டுத் தட்டை இன்னும் நான் தூக்கிப் போடாததற்கு அதுவே காரணம்.

கரகரப்பை வழித்தெடுத்த பின்னாள் பதிவுகளையும் கேட்டிருக்கிறேன். நாயன ஒலியின் மேற்பகுதியில் ஒரு ரம்பப் பல் உண்டு. அதுவும் கரகரப்பும் ஒரே உயரத்தில் குடியிருப்பவை. ஒன்றைத் துரத்தினால் மற்றதும் போய்விடும். மிஞ்சுவது நாயனம் மாதிரி ஒன்று. எனக்கு அது வேண்டாம். 1956-இல் மறைந்தவரின் மூச்சைக் கேட்கக் கொஞ்சம் தூறலில் நனையலாம்.

தஞ்சைப் பக்கத்துப் பரண்களில் இன்னும் தட்டுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் இருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும். பூஞ்சணத்தை, லேபிள் நனையாமல், ஈரத் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே ஒற்றி எடுங்கள். வெயில் படாத இடத்தில், சாய்க்காமல், நெட்டுக்குத்தாக நிறுத்தி வையுங்கள். விரிசல் இருக்கிறதே என்று எடைக்குப் போட வேண்டாம்.