வேளாங்கண்ணிக்கு லூர்துவின் பெயர் எதற்கு?

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணி போயிருந்தேன். முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னால் வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. வீட்டுப் பூஜை அலமாரியில் சமயபுரத்தாளுக்குப் பக்கத்தில் ஆரோக்கிய மாதா படமும் இருக்கும், அவ்வளவுதான். அம்மா கால் உருவம் பொறித்த ஒரு தகடு வாங்கினார். நான் வழக்கம்போல தலவரலாற்றுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். இந்தப் பதிவு அந்தப் புத்தகத்தோடு எனக்குள்ள தகராறு.

தகராறு ஒரு சொல்லில் ஆரம்பிக்கிறது: ‘கீழ்த்திசை லூர்து’. இந்தப் புத்தகம் மட்டுமில்லை, வேளாங்கண்ணியைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது வரியில் இது வந்துவிடும். பெருமையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்தால், பெரியவரை அவருக்குப் பிறகு பிறந்தவரின் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துவது மாதிரி இல்லையா? பிரான்ஸில் இருக்கும் லூர்துவில் மாதா காட்சி நடந்தது 1858இல். வேளாங்கண்ணியின் மரபுக் கதைகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

வயசு கூட எனக்குப் பெரிய விஷயமில்லை. இரண்டு ஊரும் வேறு வேறு வகை.

லூர்து காகிதத்தால் கட்டப்பட்ட தலம். கேலியாகச் சொல்லவில்லை. பெர்னதெத் சுபிரூ என்ற 14 வயது ஏழைப் பெண் 18 முறை காட்சி கண்டதாகச் சொன்னாள். போலீஸ் விசாரித்தது, பாதிரியார் விசாரித்தார், ஆயர் குழு அமைத்து விசாரித்தார், 1862இல் தீர்ப்பு வந்தது. அவள் என்ன மொழி வழக்கில் பேசினாள் என்பது வரை பதிவாகியிருக்கிறது. 1883 முதல் அங்கே ஒரு மருத்துவ ஆய்வு அலுவலகமும் இருக்கிறது. குணமானேன் என்று யார் வந்தாலும், வைத்தியத்தால் குணமாகியிருக்க வாய்ப்பு உண்டா என்று பார்ப்பார்கள். உண்டு என்றால் தள்ளுபடி. இத்தனை வருஷத்தில் திருச்சபை அற்புதம் என்று ஏற்றுக்கொண்டவை எழுபதைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே.

அம்மாவின் கேஸ் அங்கே வாசலிலேயே நின்றுவிடும். அவரே சொல்கிறார்: “ஆபரேஷன் பண்ணது டாக்டர்தாம்ப்பா. நல்லபடியா முடிச்சுக் குடுத்தது அவங்க.” இது அற்புதத்துக்கான வாக்குமூலம் இல்லை, கணக்குத் தீர்க்கிற பேச்சு. கேட்டேன், கிடைத்தது, கொடுக்க வந்திருக்கிறேன். காணிக்கைப் பொருட்கள் வைத்திருக்கும் கூடத்தில் வெள்ளிக் கை, வெள்ளிக் கண், நன்றிக் கடிதம் என்று பார்த்துக்கொண்டே போனால், பெரும்பாலானவை அம்மாவின் கணக்கு மாதிரிதான் தெரிகின்றன. லூர்துவின் அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் கூடம் காலியாகிவிடும்.

இப்போது கதைகளுக்கு வருவோம். புத்தகம் மூன்றையும் அற்புதம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டு, மூன்றாவதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள், செப்டம்பர் 8, கல் கோயில், பீடத்தில் பதித்த பீங்கான் தட்டுகள். கப்பல் வந்ததும் எழுத்தாளருக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. எனக்கு முதல் கதைதான் பெரிதாகப் படுகிறது.

பால் கொண்டுபோகும் பையன் குளத்தங்கரை ஆலமரத்தடியில் தூங்கிப்போகிறான். குழந்தையோடு வந்த ஓர் அம்மா பால் கேட்கிறார். கொடுக்கிறான். வீட்டுக்காரரிடம் போய், லேட்டாகிவிட்டது, பாலும் குறைவு என்று பயந்து பயந்து சொல்கிறான். மூடியைத் திறந்தால் பால் நிரம்பி வழிகிறது. உடனே வீட்டுக்காரர் பையனோடு குளத்துக்கு ஓடுகிறார்.

மரபின்படி அந்த வீட்டுக்காரர் ஓர் இந்து. அதாவது இந்தத் தலத்தின் முதல் சாட்சியே வெளியாள். பையன் சொன்னதை ‘ஆமாம், உண்மைதான்’ என்று ஒத்துக்கொண்டது அவர்தான். நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற பையனின் கதையிலும் இதே நுட்பம் உண்டு. நாகப்பட்டினத்துச் செல்வந்தரிடம் செய்தி சொல்லப் போ என்று மாதா அனுப்ப, தன் கால் சரியாகிவிட்டது என்பதை அவன் எழுந்த பிறகுதான் உணர்கிறான். இரண்டு கதையிலும் கேட்பவர் மாதா, கொடுப்பவன் இல்லாத வீட்டுப் பிள்ளை. கொடுக்கல் வாங்கல் அங்கேயே தொடங்கிவிட்டது.

புத்தகம் அந்த வீட்டுக்காரரை அரை வரியில் கடந்துபோகிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில் ‘பிற மதத்தவரும் வருகிறார்கள்’ என்று ஆச்சரியப்படுகிறது! 2024 ஆகஸ்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை தஞ்சை ஆயருக்கு எழுதிய கடிதம்கூட, கிறிஸ்தவர் அல்லாதவர்கள் இங்கே வருவதை மதக் கலப்பு என்று பார்க்கவேண்டியதில்லை என்றது. நல்ல கடிதம். ஆனால் பால் கதையைக் கவனித்துக் கேட்டவர்களுக்கு அது பழைய செய்தி.

‘லூர்து’ பட்டத்தால் லாபமே இல்லையா என்றால், உண்டு. உலகக் கத்தோலிக்கருக்கு ஒரே சொல்லில் புரியவைக்கலாம். 1975இல் பழைய கோயிலுக்குப் பின்னால் எழுப்பிய விரிவாக்கம் லூர்து பேராலயத்தின் சாயலில் இருப்பதால் பட்டம் கட்டடமாகவும் ஆகிவிட்டது. அழகான கட்டடம்தான், மறுக்கவில்லை. ஆனால் லூர்து மாதாவுக்கு என்றே 19ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரி பக்கம் வில்லியனூரில் கோயில் கட்டியாயிற்று. இன்னொன்று: ஜெர்மனியின் கேவெலார் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போகிறார்கள், இந்துக்களும் சேர்த்து. கேவெலாரை யாரும் ‘மேற்கின் மடு’ என்று எழுதிப் பார்த்ததில்லை.

பெர்னதெத்துக்குப் பெயர் இருக்கிறது, நம் இரண்டு பையன்களுக்கும் இல்லை. எழுதிவைக்க ஆள் இல்லை, அதனால் இல்லை. அந்தக் குறையை லூர்து என்ற சொல்லை ஒட்டி மறைக்காமல், ‘இது வாய்வழி வந்தது’ என்று புத்தகம் நேராகச் சொல்லியிருந்தால் எனக்குத் தகராறே இருந்திருக்காது.

பழைய குளத்துக் கோயிலுக்குப் போகும் மணல் பாதையில் ஒரு பெண் முழங்காலிட்டு நகர்ந்துகொண்டிருந்தார். அம்மா நின்று பார்த்தார். “எனக்கு இந்த முட்டியை வச்சுக்கிட்டு முடியாது, நடந்தே வரேன்னுதான் வேண்டிக்கிட்டேன்” என்றார். நடந்தார்.