போர்ட்ஃபோலியோ யாருடையது?

ஒவ்வோர் ஆண்டும் டிசைன் முதுகலை நுழைவுத் தேர்வான சி.இ.இ.டி.யின் முடிவுகள் வெளியானதும் தென்சென்னைப் பயிற்சி மையங்களின் விளம்பரங்களில் புது முகங்கள் சிரிக்கத் தொடங்கும். முகத்துக்குக் கீழே தரவரிசை எண், அதற்கும் கீழே எம்.டெஸ். படிக்கப்போகும் நிறுவனத்தின் பெயர். இந்த மையங்களைக் குறைசொல்ல வாயெடுத்தால் பதில் தயாராக இருக்கிறது: "பிள்ளை தேறிவிட்டான், சீட்டும் கிடைத்துவிட்டது. படிப்பு அவனுக்குப் பொருந்தும் என்பதற்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?" மையம் நடத்துகிறவர் இப்படிச் சொன்னால் அது அவர் தொழில். கலைக்கல்வியில் உண்மையான அக்கறை உள்ள சிலரும் இப்போது இதையே திருப்பிச் சொல்கிறார்கள். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் இந்தத் தேர்வை, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு மூன்றாண்டுக்குக் குறையாமல் எதைப் படித்து முடித்தவரும் எழுதலாம். மெக்கானிக்கல், பி.காம்., விஸ்காம் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், சிபாரிசுக்கு இடமில்லை. பெரியமேட்டில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரியில் முதுகலை சேர வேண்டுமானால் கையில் ஏற்கெனவே பி.எஃப்.ஏ. இருக்க வேண்டும். பதினேழு வயதில் அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் போனவருக்கு அங்கே இடமில்லை. டிசைன் பக்கம் அந்தக் கண்டிப்பு கிடையாது. பயிற்சி மையங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டிசைன் என்றால் பிளவுஸ் கழுத்து என்று மட்டும் நினைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, அது ஒரு படிப்பு என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பள்ளியோடு பென்சிலை விட்டவருக்குப் பெர்ஸ்பெக்டிவ் சொல்லித் தருகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு செய்தாலும் உதவி உதவிதான்.

சிக்கல், அந்தத் தேர்வு யாருடைய கேள்விக்கு விடை தேடுகிறது என்பதில் இருக்கிறது. மொத்தம் மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரத் தாள் கணினியில். அதில் வடிகட்டப்பட்டவர்களின் இரண்டாம் தாள் மட்டுமே திருத்தப்படும். அந்த இரண்டாம் தாளுக்கு இரண்டு மணி நேரம், ஐந்து கேள்வி, கையால் வரைந்தும் எழுதியும் விடை. இறுதி மதிப்பெண்ணில் முக்கால் பங்கு இதற்குத்தான். பெருங்கூட்டத்திலிருந்து சிலரைப் பொறுக்க வேண்டிய நிறுவனத்துக்கு இது நியாயமான ஏற்பாடு. விண்ணப்பிக்கிறவரின் கேள்வி வேறு. இரண்டு ஆண்டு, கட்டணம், வேலையில் இருந்தால் அந்த இரண்டாண்டுச் சம்பளம், இவ்வளவையும் கொடுத்து நான் செய்ய விரும்பும் காரியம் இதுதானா? இருபத்துநான்கு நிமிடத்தில் ஒரு குடையின் வடிவத்தை மாற்றி வரைந்துவிட்டதால் இதற்கு விடை கிடைத்துவிடாது. தேர்வு நடத்துகிறவர்கள் அப்படிச் சொன்னதுமில்லை. சொல்கிறவர்கள் நடுவில் இருக்கிறவர்கள்.

விடை கிடைக்கக்கூடிய இடம் ஒன்று இருந்தது. அதுதான் போர்ட்ஃபோலியோ. யாரும் கேட்காமல், மதிப்பெண்ணுக்காக இல்லாமல், ஒருவர் தானாகச் செய்தவற்றின் கட்டு. பல நிறுவனங்கள் நேர்காணலில் அதைப் பார்க்கின்றன என்பது அதன் இரண்டாவது பயன். முதல் பயன் அதைச் சேர்த்தவருக்கு. ஓராண்டு வேலையைத் தரையில் பரப்பிவைத்து நின்று பார்த்தால், தன் கை எதை நோக்கிப் போகிறது, எதை இழுத்தடிக்கிறது, எந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்துவிடும். பரப்பிவைக்க ஒன்றுமே இல்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான், முதுகலைக் கட்டணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இந்த ஒரே சான்றைத்தான் பயிற்சி மையம் அழித்துவிடுகிறது. வெகுநாளாக எனக்கு இருக்கும் மனக்குறை இது.

பயிற்சி மையத்துப் போர்ட்ஃபோலியோவை நான்கு பக்கம் புரட்டினால் அடையாளம் கண்டுவிடலாம். கசக்கிய காகிதக் கோப்பை, கரித்துண்டில். கண்ணாடி பாட்டிலும் எலுமிச்சையும். ஒரு ரயில்வே நடைமேடை, கோடெல்லாம் ஒரே புள்ளியில் கூடும்படி. சுருக்கம் விழுந்த முகத்தோடு ஒரு முதியவர், பெரும்பாலும் தலைப்பாகையோடு. தாம்பரத்தில் தலைப்பாகை கட்டிய முதியவரை எங்கே பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள், இணையத்தில் பார்த்தார்கள். பிறகு பிளாஸ்டிக் ஒழிப்புக்கு ஒரு போஸ்டர். கடைசியில் ஒரு கடைத்தெருக் காட்சி. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. உடைந்த ரேடியோவும் பழைய தையல் இயந்திரமும் செடிகளும் புறாக்களும் ஒரே தெருவில் விற்பனைக்கு வரும். டிசைன் படிக்க விரும்பும் ஒருவருக்கு இதைவிட நல்ல வகுப்பறை இந்தப் பக்கத்தில் இல்லை. அந்தச் சந்தையிலிருந்து மின்சார ரயிலில் ஒன்றிரண்டு நிறுத்தம் தள்ளி, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, ஏதோ வடநாட்டுச் சந்தையின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

டிசைன் திட்டம் என்ற பெயரில் வைப்பவை இன்னும் மோசம். விமான நிலைய வழிகாட்டிப் பலகைகளை மாற்றி அமைப்பது, எங்கோ ஒரு குளிர்நாட்டுப் பூங்காவுக்கு இருக்கை. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 88 ஏக்கரில் அவ்வளவு பெரிய நிலையம் திறந்தபோது அதற்கென்று ரயில் நிலையம் இல்லை. வெளியூர்ப் பேருந்துகள் அங்கே மாறியபின், பெட்டியோடும் குழந்தையோடும் ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பவர், எந்த மாநகரப் பேருந்து எந்த மூலையில் நிற்கும் என்று தேடுபவர், நள்ளிரவில் இறங்கித் திகைப்பவர் என்று பல ஆண்டுக்குத் தேவையான டிசைன் கேள்விகள் வாசலில் வந்து நின்றன. பயிற்சி மையத்துப் போர்ட்ஃபோலியோக்களில் கிளாம்பாக்கத்தை நான் பார்த்ததில்லை. பாரிஸைப் பார்த்திருக்கிறேன்.

நேர்காணல் எடுப்பவர்கள் ஏமாறுவதில்லை. அவர்களில் பலருக்கு எந்தப் பக்கம் எந்த மையத்தில் போட்டது என்றே தெரியும். ஏமாறுகிறவர் போர்ட்ஃபோலியோவின் சொந்தக்காரர்தான். நாற்பது பக்கம் வரைந்திருக்கிறோம், எல்லோரும் பாராட்டுகிறார்கள், எனவே இது நமக்கானது என்று நம்பிவிடுகிறார். அந்த நாற்பது பக்கத்தில் ஒன்றைக்கூட அவராக நினைத்துத் தொடங்கியிருக்க மாட்டார் என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. கடன் வாங்கிய சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு அளவு சரி என்று துணி எடுக்கப் போவதைப் போன்றது இது.

இதன் விளைவு உடனே தெரியாது. முதுகலையின் முதல் இரண்டு பருவம் ஒப்பேறிவிடும், ஏனென்றால் அங்கேயும் அசைன்மெண்ட் கொடுக்கிறார்கள். மேலக்கோட்டையூரில் உள்ள ஐ.ஐ.ஐ.டி.டி.எம். ஆனாலும் சரி, 1969-இல் தொடங்கிய மும்பை ஐ.ஐ.டி.யின் ஐ.டி.சி. ஆனாலும் சரி, முதுகலை டிசைனின் கனம் பின்பாதியில் இருக்கிறது. அங்கே வேண்டியது மாதக்கணக்கில் ஒரே பொருளோடு கிடக்கும் மனம். எதைச் செய்யப்போகிறாய் என்று ஆசிரியர் கேட்பார், கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். இளங்கலையில் ஆசிரியர் கேள்வி தருவார், மாணவர் விடை தருவார். முதுகலையில் கேள்வியையும் மாணவரே கொண்டுவர வேண்டும். போர்ட்ஃபோலியோவையே பிறர் சொல்லிச் செய்தவர் அந்த மேசையில் என்ன சொல்வார்? கூட்டத்தோடு சேர்ந்து ஒரு மொபைல் ஆப்.

நுழையும்போது கேள்வி இல்லாவிட்டால் என்ன, உள்ளே போய்க் கண்டுபிடிக்கட்டுமே என்று ஒரு சமாதானம் உண்டு. சிலர் கண்டுபிடிக்கவும் செய்கிறார்கள். ஆனால் அதற்கு நான்காண்டு இளங்கலை இருக்கிறது. தடுமாற அதில் நேரம் உண்டு. இரண்டாண்டில் முதலாண்டை மென்பொருள் பழகவும் இரண்டாமாண்டின் முன்பாதியை ப்ளேஸ்மெண்ட்டுக்கும் கொடுத்தபின் கண்டுபிடிக்க எப்போது நேரம்? இந்தச் சமாதானத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்கும் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

கேள்வியைத் தானே கொண்டுவந்தவர் ஓவியர் கே.எம்.ஆதிமூலம். அவர் சென்னைக் கலைப்பள்ளியில் 1960 முதல் 1966 வரை படித்தபோது அங்கே கிடைத்தது பட்டம்கூட இல்லை, பட்டயம். நெசவாளர் சேவை மையத்தில் டிசைனராக வேலை பார்த்தவர். காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியை, அவர் வாழ்வின் பல பருவங்களிலும், கறுப்புக் கோடுகளில் ஏறத்தாழ நூறு படங்களாக வரைந்தார். ஒரு முகம், ஒரு மை, கோட்டால் எவ்வளவு தூரம் போக முடியும் என்ற ஒரு கேள்வி. பிறகு அரசர்களை வரைந்தார். அதற்கும் பிறகு உருவமே கரைந்து வண்ணவெளியாயிற்று. முதுகலை என்று இன்று நாம் சொல்லும் காரியத்தை அவர் சம்பள வேலைக்கு நடுவில் தன் மேசையில் செய்துமுடித்தார். அப்படிப்பட்டவருக்கு ஒரு நல்ல ஸ்டூடியோவும் இரண்டாண்டு ஓய்வும் எதிர்க்கருத்து சொல்ல நான்கு பேரும் கிடைத்தால் அந்தப் படிப்பு பொருந்தும். காந்தி நூற்றாண்டுக்கு என்ன வரையலாம் என்று மையத்தில் கேட்பவருக்குப் பொருந்தாது.

படிப்பு முடித்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்ற கவலை ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கருக்கு இருந்தது. அதே கலைப்பள்ளியின் முதல்வராக இருந்துகொண்டே அவர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். சுமார் முப்பது கலைஞர்கள், பாத்திக் முதலான கைவினைப் பொருள்களை விற்ற காசில் மணல்வெளியை வாங்கிக் குடிசை போட்டார்கள். கைவினை சோறு போட்டது, மிச்ச நேரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். சான்றிதழ் கிடையாது, ப்ளேஸ்மெண்ட் கிடையாது. சென்னையின் தெற்குப் புறநகர் கண்ட மிகச் சிறந்த முதுகலை வகுப்பு அதுதான் என்பேன். அது எல்லோருக்கும் வாய்க்கவில்லை, உள்ளே பூசல்களும் இருந்தன, இன்று அந்த விலைக்கு ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு சென்ட்கூடக் கிடைக்காது. இருந்தாலும் அங்கே போனவர்களுக்குத் தாங்கள் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்திருந்தது.

முதுகலை படிக்க வேறு நேர்மையான காரணங்களும் உண்டு, அவற்றுக்கு அதிகம் பேச வேண்டியதில்லை. கல்லூரியில் ஓவியமோ சிற்பமோ கற்பிக்க விரும்பினால் முதுகலையும் நெட் அல்லது செட் தேர்ச்சியும்தான் பொதுவழி, அதற்காக எம்.எஃப்.ஏ. படிக்கிறவர் தன் காரணம் என்ன என்று தெரிந்து படிக்கிறார். உலையும் அச்சு இயந்திரமும் மட்டுமே தேவை என்றால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன, அதற்காகப் பட்டம் வேண்டாம். ஓ.எம்.ஆர். மென்பொருள் நிறுவனங்களில் ஐந்தாறு ஆண்டு கோடு எழுதி அலுத்து "ஃபீல்டு மாறணும்" என்கிறவர்களின் நிலைதான் உண்மையில் பரிதாபம். முன்பதிவுத் திரை ஒன்றைத் தானே எழுதி, அதைத் தன் அம்மாவால் பயன்படுத்த முடியவில்லை என்று பார்த்து, எரிச்சலோடு வருகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எரிச்சலில் ஒரு தீசிஸே இருக்கிறது. மையத்தில் முதல் நாளே அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, கனசதுரத்துக்கு நிழல் போடக் கொடுப்பார்கள்.

விண்ணப்பம் போட நினைப்பவரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மையத்தில் பணம் கட்டும் முன் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைச் சுற்றி உங்களை விடாமல் தொந்தரவு செய்யும் ஒரு பொருளை, ஓர் இடத்தை, ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு, யாரிடமும் காட்டாமல் அதிலேயே வேலை செய்யுங்கள். சேரப்போகும் நிறுவனத்தில் இறுதியாண்டு மாணவர்கள் காட்சிக்கு வைக்கும் நாளில் போய்ப் பாருங்கள்; பெரிய பெயரைப் பார்த்து மயங்காமல், அங்கே யாராவது உங்கள் பொருளுக்கு அருகில் வேலை செய்கிறார்களா, அவர்களுக்கு வழிகாட்டிய ஆசிரியர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஆறு மாதம் கழித்துப் பரப்பிவைக்க ஏதாவது இருந்தால் விண்ணப்பியுங்கள், அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டே நேர்காணலுக்குப் போங்கள். இல்லையென்றால் இந்த ஆண்டை விட்டுவிடுங்கள். சி.இ.இ.டி. மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆனால் தேர்வு எழுத வயது வரம்பு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.