தானியத் தந்தை

வீட்டில் பியர் காய்ச்சுவதற்கென்று விற்கப்படும் மின்சாரக் கலன்களில் பலரும் அறிந்தவை இரண்டு. நியூசிலாந்தில் உருவானதன் பெயர் ‘கிரெய்ன்ஃபாதர்’. தாத்தாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு ஒலியில் விளையாடும் பெயர். தமிழில் சொன்னால் தானியத் தந்தை. ஜெர்மனியின் ஸ்பைடல் நிறுவனம் செய்வது ‘பிரௌமைஸ்டர்’. காய்ச்சுவதில் தேர்ந்த ஆசான் என்று பொருள். ஜெர்மன் மொழியில் அது ஆண்பால். ஒரு சமையல் பாத்திரத்துக்குப் பெயர் தேடும்போது ஆண் எப்படி முதலில் வந்து நிற்கிறான்?

கலனின் வேலை சிக்கலானதல்ல. அடியில் சூடேற்றி, உள்ளே முளைகட்டி உலர்த்திய பார்லியை இடும் துளைக்கூடை, நீரைச் சுழற்றும் சிறு பம்பு. ஏறத்தாழ 66 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறினால் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. கூடையைத் தூக்கி வடியவிட்டு, சாற்றை ஹாப்ஸ் பூக்களோடு இன்னொரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்க வேண்டும். ஒரு தடவைக்குச் சுமார் 23 லிட்டர். இரண்டு மூன்று பாத்திரங்களில் நடந்தது ஒன்றில் அடங்குவதால் இதற்கு ‘ஆல் இன் ஒன்’ என்று பெயர்.

இதே வேலையை இங்கிலாந்தில் 1300 வாக்கில் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். ஹாப்ஸ் சேராத ‘ஏல்’ சில நாட்களில் கெட்டுவிடும். அதனால் வீட்டிலேயே சிறிது சிறிதாக, அடிக்கடி காய்ச்சி, மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். அவர்களுக்கு ‘புரூஸ்டர்’ என்று பெயர். அந்த விகுதி பெண்பால். பின்னர் ஹாப்ஸ் சேர்த்த பியர் வந்தது. அது நெடுநாள் கெடாது, தூரத்துக்கும் அனுப்பலாம். பெரிய கொப்பரை, முதலீடு, கடன் எல்லாம் தேவைப்பட்டன. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவோ ஒப்பந்தம் செய்யவோ சட்டம் பெரும்பாலும் இடம் தரவில்லை. 1600 வாக்கில் தொழில் ஆண்களிடம் போய்விட்டது.

வரலாற்றாய்வாளர் ஜூடித் பென்னெட் 1996-இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்தார். பெண்கள் ஒரு பொற்காலத்தை இழந்தார்கள் என்ற ஆறுதல் கதையை அவர் ஏற்கவில்லை. பெண்கள் காய்ச்சியபோது அது வருமானமும் மதிப்பும் குறைந்த வேலை. இரண்டும் கூடியபோது அது ஆண்களின் தொழிலாயிற்று. தொழில் மாறியது, பெண்ணின் உழைப்புக்கான மதிப்பு மாறவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பியர் மீண்டும் வீட்டுக்குள் வந்தது. பிரிட்டனில் வீட்டில் காய்ச்சுவதற்கான உரிமக் கட்டாயம் 1963-இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. ஆனால் இம்முறை அது பொழுதுபோக்காக, பெரும்பாலும் ஆண்களின் பொழுதுபோக்காக வந்தது. அன்று அடுப்படியில் பெண் செய்தால் வீட்டு வேலை. இன்று அதே அடுப்படியில் ஆண் செய்தால் கைத்திறன், விஞ்ஞானம்.

‘ஆல் இன் ஒன்’ என்ற சொல்லையும் இங்கே சோதித்துப் பார்க்கலாம். நொதித்தல் பெரும்பாலும் வேறு பாத்திரத்தில்தான் நடக்கிறது. புட்டிகளைக் கழுவுவது, ஈரச் சக்கையை அள்ளுவது, தரையைத் துடைப்பது எதையும் அந்தக் கலன் செய்வதில்லை. காய்ச்சும் நாளில் ஐந்தாறு மணி நேரம் போய்விடும். வெப்பத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கருவி அதில் கொஞ்சம் ஓய்வைத் தருகிறது. அந்த ஓய்வு யாருக்கு? விடுமுறை நாளில் ஐந்து மணி நேரத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் யாரால் முடிகிறது? அந்த நேரத்தில் குழந்தைக்குச் சோறூட்டுவது யார்?

கருவியின் மேல் பகையில்லை. கொதிக்கும் சாற்றைப் பாத்திரம் மாற்றி ஊற்றும் ஆபத்தைக் குறைக்கும் எதுவும் பெண்ணுக்கும் நல்லதுதான். வாங்கிப் பழகும் பெண்கள் பழகட்டும். ஆனால் சந்தை அவளைக் காய்ச்சுபவளாகக் கற்பனை செய்திருந்தால் பெயருக்காகச் சிரமப்பட்டிருக்க வேண்டாம். புரூஸ்டர் என்ற சொல் அந்த மொழியிலேயே இருந்தது.