நீலப் பெட்டியின் ஓசை

லண்டன் மைடா வேலில் உள்ள பிபிசி கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில், 1963ஆம் ஆண்டு ஒருநாள், மூன்று ஒலிநாடாக்கள் அருகருகே தரையில் விரித்து வைக்கப்பட்டன. டீலியா டெர்பிஷயரும் அவருடைய உதவியாளர் டிக் மில்ஸும் அவற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். மூன்றையும் சேர்த்து ஓடவிட்டபோது எங்கோ ஒரு ஸ்வரம் பிசகியது. காதுக்குத் தெரிந்த பிழை கைக்கு அகப்படவில்லை. நாடாக்களை வெட்டி ஒட்டிய இடங்கள் மூன்றிலும் ஒரே வரிசையில் அமைந்திருக்க வேண்டும். ஓர் ஒட்டு மட்டும் மற்ற இரண்டோடு சேராமல் விலகி நின்றது. பிழை அங்கேதான் இருந்தது.

இப்படித் தரையில் விரித்துத் திருத்தப்பட்டதுதான் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசை. இரண்டு நிமிடங்களுக்குச் சற்றே மேற்பட்ட இந்த இசை, பல தலைமுறை பிரிட்டிஷ் குழந்தைகளைச் சனிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் ஓடிவர வைத்தது. வந்தவர்களில் பலர் முன்னால் உட்காரவும் இல்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிரிட்டனில் வளர்ந்தவர்களிடம் இந்தத் தொடரைப் பற்றிக் கேட்டால், சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்ததாகத்தான் சொல்வார்கள். அந்த நாட்டுப் பேச்சில் அது அவ்வளவு ஊறிப்போனது. 1991இல் லண்டனின் அசையும் பட அருங்காட்சியகம் இத்தொடரைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியபோது அதற்கு ‘சோபாவுக்குப் பின்னால்’ என்றே பெயர் வைத்தது.

சோபாவுக்குப் பின்னால் இருந்தால் திரை தெரியாது. அங்கே ஒளிந்த குழந்தை அந்தக் கதையைக் காதால்தான் வாங்கிக்கொண்டது. ‘டாக்டர் ஹூ’வின் அட்டைச் சுவர்களையும் ரப்பர் அரக்கர்களையும் பற்றிப் பேசுகிறவர்கள் ஏராளம். அந்தத் தொடரின் உண்மையான கலை அதன் ஒலியில் இருந்தது என்பதைப் போதிய அளவு யாரும் சொல்வதில்லை.

முதல் அத்தியாயம் 1963 நவம்பர் 23 மாலை ஐந்தேகாலுக்கு ஒளிபரப்பானது. முந்தைய நாள்தான் அமெரிக்காவில் கென்னடி சுடப்பட்டிருந்தார்; உலகத்தின் கவனம் முழுவதும் அங்கே இருந்தது. பலர் பார்க்கத் தவறியதால் அடுத்த வாரம் அதே அத்தியாயத்தை மீண்டும் காட்டிவிட்டுத்தான் இரண்டாவதைப் போட்டார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அந்தப் பொறுப்பு வந்தபோது வயது 27. அத்தியாயத்தை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர், அவருக்கு 24. ஆண்களும் மூத்தவர்களும் நிறைந்திருந்த ஒரு நிறுவனத்தில் இந்த இருவருக்கும் கிடைத்தது லைம் குரோவ் என்ற இடத்தில் ஒரு பழைய, நெருக்கடியான அரங்கு. நடுச்சாமத்துப் பனி, பூட்டிய பழைய பொருள்களின் முற்றம், அதற்குள் மெல்ல முனகிக்கொண்டு நிற்கும் ஒரு போலீஸ் பெட்டி. ஹுசேன் அந்த முதல் காட்சியில் அவசரமே படவில்லை. குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்பதற்காக எதையும் விளக்கிச் சொல்லவும் இல்லை.

போலீஸ் பெட்டி என்பது அன்றைய பிரிட்டிஷ் தெருக்களில் சாதாரணமாக நின்ற ஒன்று. நீல நிறம், உள்ளே தொலைபேசி, காவல் நிலையத்தோடு பேசுவதற்கானது. கதையில் அதுதான் டாக்டர் என்ற நாயகன் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்யும் டார்டிஸ். இடத்துக்குத் தகுந்தபடி உருமாற வேண்டிய அது, பழுதாகி அதே வடிவத்தில் நின்றுவிட்டது. சனிக்கிழமை அதைத் திரையில் கண்ட பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும் வழியில் அதன் பக்கமாக நடந்து போயிருக்கும். ராக்கெட்டையோ பறக்கும் தட்டையோ காட்டியிருந்தால் இந்த நெருக்கம் கிடைத்திருக்காது.

டெர்பிஷயரின் இசைக்குத் திரும்பலாம். மெட்டு ரான் கிரெய்னருடையது. அவர் கொடுத்தது ஒரே ஒரு தாளில் எழுதிய ஸ்வரக் குறிப்பு. நடுநடுவே காற்று, மேகம் என்பது போன்ற சொற்கள். எந்த வாத்தியம் என்று எழுதவில்லை. சின்தசைஸர் என்ற கருவி கடைக்கு வராத காலம் அது. பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் இருந்தவை ஒலிநாடா இயந்திரங்கள், பொறியாளர்கள் சோதனைக்கு வைத்திருந்த ஆசிலேட்டர்கள், ஒரு பிளேடு, ஒட்டுநாடா. டெர்பிஷயர் ஒரு கம்பியை ஒருமுறை மீட்டி அதைப் பதிவு செய்தார். அந்த ஒற்றை ஒலியை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டு வெவ்வேறு சுருதிகளாக்கினார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தேவையான அளவு நாடாவை வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார். அடித்தளத்தில் குதிரை ஓட்டம் போலக் கேட்கும் அந்தக் கனத்த தாளம் முழுக்க அப்படி ஒட்டப்பட்டதே. மேலே சறுக்கிக்கொண்டு வரும் இராகத்துக்கு ஆசிலேட்டரின் திருகைக் கையால் திருப்பினார். சீறலுக்கு வெறும் இரைச்சலை வடிகட்டினார். பல தடங்களை ஒரே நாடாவில் பதியும் வசதி இல்லாததால், மூன்று இயந்திரங்களை ஒரே கணத்தில் ஓடவிட்டுத்தான் எல்லாம் ஒன்றாயின.

முடிந்ததைக் கேட்ட கிரெய்னர், இது தான் எழுதியதுதானா என்று வியந்து கேட்டார் என்பது இசை வட்டாரத்தில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. உரிமைத்தொகையில் டெர்பிஷயருக்கும் பங்கு கிடைக்க வேண்டும் என்று முயன்றார். வொர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரைத் தனியே வெளியிடாத நிறுவன வழக்கம் குறுக்கே நின்றது. தொடரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பு அத்தியாயத்தில், 2013இல்தான் டெர்பிஷயரின் பெயர் முதன்முறையாகத் திரையில் வந்தது. அவர் இறந்து அப்போது பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. இது சின்ன அநியாயம் அல்ல.

அவர் 1937இல் கவன்ட்ரியில் பிறந்தவர். மூன்று வயதில் அந்த ஊர் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்தது. இனம்பிரியாத ஓசைகள் மேல் தனக்கு ஏற்பட்ட காதலுக்கு, குழந்தையாக இருந்தபோது கேட்ட விமானத் தாக்குதல் சங்குகளே தொடக்கம் என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர். ஒரு குழந்தையின் காதில் அச்சமும் ஈர்ப்பும் ஒன்றாகப் புகுந்தால் எப்படி இருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1980இல் பீட்டர் ஹவல் அதே மெட்டை சின்தசைஸரில் புதிதாக அமைத்தார். தேர்ந்த வேலைதான், எழுபதுகளில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு அதுவே உயிர். ஆனால் 1963 பதிப்பில் இராகம் சறுக்கும்போது கேட்கும் கையின் தயக்கம் அதில் இல்லை.

டார்டிஸ் புறப்படும், வந்திறங்கும் ஓசை அதே வொர்க்‌ஷாப்பின் பிரையன் ஹாட்சனுடையது. எந்திரம் உறுமுவது போல வேண்டாம், காலம் கிழிபடுவது போல இருக்க வேண்டும் என்று நினைத்தார். பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பிகள் மேல் தன் தாயாரின் வீட்டுச் சாவியைத் தேய்த்தார். பதிவை மெதுவாக்கினார், பின்னோக்கி ஓடவிட்டார், எதிரொலி சேர்த்தார். அந்த ஓசை இழுத்து மூச்சு வாங்கும். போகிறதா வருகிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இன்றைய அத்தியாயங்களிலும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

இனி டாலெக் என்ற அரக்கன்.

1963 டிசம்பர் 21 அத்தியாயத்தின் கடைசி நொடிகள். வெறிச்சோடிய உலோக நகரம் ஒன்றில் பார்பரா என்ற ஆசிரியை வழி தவறிவிடுகிறாள். சுவரோடு சாய்ந்து நிற்கிறாள். கேமரா அவளை நோக்கி நகர்கிறது. திரையின் ஓரத்தில் நீண்டுவரும் ஒரு கை மட்டும் தெரிகிறது. அவள் கைகளை உயர்த்தி அலறுகிறாள். அவ்வளவுதான், பெயர்ப்பட்டியல் ஓடுகிறது, இசை வந்துவிடுகிறது. அந்தக் கை, அடைத்துக்கொண்ட கழிவுக்குழாயைக் குத்தித் திறக்கப் பயன்படும் ரப்பர் கிண்ணம்; உதவியாளர் ஒருவர் கேமராவுக்கு முன்னால் அதை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். பார்பராவாக நடித்த ஜாக்குலின் ஹில்லின் முகமும் குரலும்தான் அந்தக் கிண்ணத்தைப் பயங்கரமாக்கின. முழு உருவத்தைப் பார்க்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த வாரத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையும் தன் மனதில் ஒன்றைக் கட்டி முடித்திருக்கும்.

டெர்ரி நேஷன் எழுதியதற்கு உருவம் கொடுத்தவர் ரேமண்ட் குசிக். உடைக்குள் ஆள் இருப்பது கால்களில்தான் தெரிந்துவிடும் என்பதால் கால்களையே எடுத்துவிட்டார். ஆள் உட்கார்ந்து ஓட்டும்படி அளவெடுத்து, மனித உடம்பின் சாயல் எங்கும் தெரியாதபடி செய்தார். கையில் இருந்த பணத்துக்கு நான்கு டாலெக்குகள்தான் செய்ய முடிந்தன. கூட்டத்தைக் காட்ட, ஆளுயரப் புகைப்படங்களை வெட்டிப் பின்னால் நிறுத்தினார்கள். இவை எல்லாமே கெட்டிக்காரத்தனம். ஆனால் பள்ளி மைதானங்களில் கையை முன்னால் நீட்டிக்கொண்டு திரிந்த பிள்ளைகள் போலச் செய்தது குரலைத்தான். பீட்டர் ஹாக்கின்ஸும் டேவிட் கிரகாமும் ஓரமாக மைக் முன்னால் உட்கார்ந்து பேச, ஹாட்சன் அந்தக் குரலை ரிங் மாடுலேட்டர் என்ற கருவி வழியாகச் செலுத்தினார். குரல் ஒரு தாழ்ந்த அதிர்வோடு பெருக்கப்பட்டு, துண்டு துண்டாக நடுங்கி வெளியே வந்தது. உள்ளே உட்கார்ந்திருப்பவரும் வசனத்தை மனப்பாடம் செய்திருக்க வேண்டும்; அசைக்கு அசை தலைவிளக்கை எரிய வைப்பது அவர் வேலை. மூன்று மனிதர்களின் ஒத்திசைவு ஒரு வெறுப்பின் குரலாக மாறியது. ஏற்றமே இல்லாமல் தொடங்கி, கோபம் ஏற ஏற உச்சத்துக்குப் போய்க் கீச்சிடும் அந்தப் பேச்சை எந்தப் பத்து வயதுப் பிள்ளையும் எந்தச் செலவும் இல்லாமல் செய்துகாட்ட முடியும். பொம்மைகள் கடைக்கு வருவதற்கு முன்பே டாலெக் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது இப்படித்தான்.

இந்தப் பிள்ளைகளில் சிலர் கேட்பதோடு நிற்கவில்லை.

அறுபதுகளின் அத்தியாயங்கள் விடியோ நாடாவில் பதிவாயின. நாடா விலை அதிகம், மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தத்தில் வரம்பு உண்டு. ஆகவே பிபிசி நாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தியது. வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த பிலிம் பிரதிகளையும் எழுபதுகளில் குப்பையில் போட்டார்கள். முதல் ஆறு ஆண்டுகளின் 253 அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை படமாக இல்லாமல் போயின. முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெல் தரையில் விழுந்து, பேட்ரிக் ட்ரௌட்டனாக எழும் 1966 அக்டோபர் 29 அத்தியாயமும் காணாமல் போனவற்றில் ஒன்று. ஒரு நடிகர் இன்னொருவராக மாறும் அந்தச் சில நொடிகள் மட்டும் பிழைத்திருக்கின்றன. ‘ப்ளூ பீட்டர்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சி அவற்றை எடுத்துக் காட்டியதால். பின்னாளில் 2005இல் தொடருக்கு மறுபிறவி கொடுத்த ரஸ்ஸல் டி. டேவிஸுக்கு அந்த மாற்றத்தைப் பார்த்தபோது மூன்று வயது. தொலைக்காட்சியைப் பற்றிய தன் முதல் நினைவே அதுதான் என்கிறார்.

படம் போன அத்தியாயங்களின் ஒலி மட்டும் முழுதாக இருக்கிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. பிபிசி அதைக் காப்பாற்றவில்லை. ஒருவரையொருவர் அறியாத ஒரு சில இளைஞர்கள், வெவ்வேறு ஊர்களில், வாராவாரம் வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். வீட்டில் விடியோ எடுக்கும் கருவி இல்லாத காலம். பிடித்த ஒன்றைத் தக்கவைக்க ஒலிதான் வழி. பெரும்பாலோர் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கை வைத்தார்கள். ஒருவர் பெட்டியின் உள்ளேயே கம்பி இணைத்து நேராக ஒலியை எடுத்தார். அவருடைய நாடாக்கள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பின் ஆவணங்களைப் பேணிய மார்க் அயர்ஸ் போன்றவர்கள் இந்தப் பதிவுகளைச் சுத்தம் செய்து, ஒன்றில் விட்டுப்போனதை இன்னொன்றால் நிரப்பினார்கள். காணாமல் போனவற்றுக்கு மாற்றாக இன்று வெளிவரும் அனிமேஷன் அத்தியாயங்கள் அத்தனையும் இந்த ஒலிமேல் வரைந்தவையே. பிடித்ததால் செய்த ஒரு காரியம் ஆவணக்காப்பகம் செய்யத் தவறியதைச் செய்துவிட்டது.

பிள்ளைகளின் இந்தப் பற்று எழுபதுகளில் வேறு உருவங்கள் எடுத்தது. அப்போது டாக்டராக நடித்த டாம் பேக்கரின் முடிவே இல்லாத கம்பளிச் சால்வை, கொடுத்த நூலையெல்லாம் பின்னிவிட்ட பெகோனியா போப்பின் கைவேலை. நாடெங்கும் அம்மாக்களும் பாட்டிகளும் அதைப் பின்ன வேண்டியதாயிற்று. 1973இல் ‘ரேடியோ டைம்ஸ்’ இதழ் சிறப்பு மலர் வெளியிட்டபோது வீட்டிலேயே டாலெக் செய்வதற்கான வரைபடத்தையும் அச்சிட்டது. அந்த மலரைப் பாராட்டி கிளாஸ்கோவிலிருந்து ஒரு பதினைந்து வயதுப் பையன் எழுதிய கடிதம் மறுவருடம் அதே இதழில் வந்தது. பையனின் பெயர் பீட்டர் கபால்டி. 2013இல் அவரே டாக்டர் ஆனார்.

அதே 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில், தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் கிடங்கில் காணாமல் போன ஒன்பது அத்தியாயங்கள் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. ‘அச்சத்தின் வலை’ என்று பொருள்படும் 1968ஆம் ஆண்டுக் கதை ஏறத்தாழ முழுதாகத் திரும்பி வந்தது. லண்டன் சுரங்க ரயில் பாதைகளில் நடக்கும் கதை அது. இருட்டையும் எதிரொலியையும் இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திய கதை அந்தக் காலத் தொடரில் வேறு இல்லை. ஆறு பாகங்களில் மூன்றாவது மட்டும் சேரவில்லை. தொடரின் மிகப் பிரியமான துணைப்பாத்திரங்களில் ஒருவரான லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட், நிக்கோலஸ் கோர்ட்னியின் குரலில், முதன்முறையாக வந்து பேசுவது அந்த மூன்றாம் பாகத்தில்தான். இரண்டாம் பாகத்தைப் படமாகப் பார்த்துவிட்டு, மூன்றாவதற்கு அனிமேஷனைப் போடாமல், விளக்கை அணைத்துவிட்டு அந்தப் பழைய ஒலிப்பதிவை மட்டும் கேட்க வேண்டும். சுரங்கத்தில் பூட்ஸ் காலடிகள் நெருங்கி வருகின்றன, ராணுவ மிடுக்குள்ள ஒரு குரல் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது, அவரை நம்பலாமா கூடாதா என்று டாக்டருக்கே தெரியவில்லை. நான்காம் பாகத்தில் படம் திரும்பும்போது அவர் முகம் ஏற்கெனவே பழகியதாக இருக்கும்.