பொது இந்திய ஆங்கிலமும் வட்டார ஒலிப்பும்: ஒரு மறுபார்வை

இந்திய ஆங்கில ஒலிப்பாய்வுக்கு அடித்தளம் அமைத்ததில், 1958இல் ஐதராபாத்தில் தொடங்கப்பெற்ற மத்திய ஆங்கில நிறுவனத்தின் பங்கு பெரிது. இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறர்க்கு எந்த அளவு விளங்குகிறது என்பதை ஆர். கே. பன்சாலின் நூல் (1969) அளந்து காட்டியது. 1972இல் இந்நிறுவனம் வெளியிட்ட ஆய்வுநூல் ‘பொது இந்திய ஆங்கிலம்’ என்னும் அமைப்பை விளக்கியது. இவ்வமைப்பின் அடிப்படையை மறுபடியும் எண்ணிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டாரக் கூறுகளை நீக்கியபின் எஞ்சுவதே ‘பொது’ எனப்பட்டது. நாவளை டகரம், அடைப்பொலியாகும் பல்லொலி, வேறுபாடிழந்த இருவகை வகரம் ஆகியன அதில் அடங்கும். ‘யெக்ஸாம்’, ‘வோன்லி’, ‘இஸ்கூல்’ போன்றன விலக்கப்பட்டன. இதனால் வட்டார ஒலிப்பு, விளக்கத்திற்குரிய பொருளாகாமல் திருத்தத்திற்குரிய குறையாகிவிடுகிறது.

‘வட்டாரம்’ என்னும் சொல்லும் ஐயத்திற்குரியதே. சொல் முதல் எகர ஒகரங்களின் முன் யகர வகரம் தோன்றுதல் தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொது. மாறாக, ஐதராபாத் என்னும் ஒரே நகரில், ‘ஜீரோ’வின் முதலொலியை உருது பேசுவோர் உரசொலியாகவே ஒலிக்க, அவ்வொலி தம் மொழியில் இல்லாத தெலுங்கர் பலர் அடைப்புரசொலியாக்குவர். வாணியம்பாடியில் உருது பேசுவோர்க்கும் தமிழ் பேசுவோர்க்கும் இடையே இத்தகைய வேறுபாட்டைக் காணலாம். எனவே ஒலிப்பைப் பெரிதும் வரையறுப்பன தாய்மொழியும் கல்விச் சூழலுமேயன்றி நிலப்பரப்பு மட்டுமன்று.

எல்லா வேறுபாடுகளும் ஒரே தன்மையன அல்ல என்பதும் கருதத்தக்கது. ‘யெக்ஸாம்’ என்பதைக் கேட்பவர் பேசுவோரின் தாய்மொழியை ஊகிப்பார், பொருளில் மயங்கமாட்டார். ‘டெவலப்’ என்னும் சொல்லில் இரண்டாம் அசைக்குரிய அழுத்தத்தை முதலசைக்கு மாற்றுவது போன்ற வழக்குகளோ, பிறநாட்டார்க்குப் பொருள் மயக்கம் தரக்கூடும். சொல்லழுத்தப் பிறழ்ச்சி விளங்காமைக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று எனப் பன்சாலே சுட்டியுள்ளார். எனினும் அவருடைய அளவீட்டில் ஆங்கிலேயக் கேட்போர்க்கு முதன்மை தரப்பட்டது. இன்று ஒரு தமிழர் ஆங்கிலத்தில் பேசுவது பெரும்பாலும் ஒரு வங்காளியிடமோ தெலுங்கரிடமோதான் என்பதை நோக்க, அவ்வளவுகோல் போதாது.

நேர்காணல்களிலும் ஆசிரியர் தேர்விலும் நகைப்புக்குள்ளாவது பெரும்பாலும் ‘யெக்ஸாம்’தான், அழுத்தப் பிறழ்ச்சி கவனிக்கப்படுவதில்லை. அஃதாவது, விளக்கத்தைக் கெடுக்காத கூறு தண்டிக்கப்பட, கெடுக்கும் கூறு தப்பிவிடுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாத ஒலிப்புப் பயிற்சி, மொழிப் பயிற்சியாகாமல் சமூகத் தரம் பிரிக்கும் கருவியாகிவிடும். பயிற்றுநூல்கள் இனியேனும் விளங்குதிறனையே அளவாகக் கொண்டு அமைதல் வேண்டும்.