உறுமியும் உறுமலும்

பலெர்மோவின் நினைவுப்பொருள் கடைகளில் தொங்கும் மர்ரன்சானோ வேறொன்றுமில்லை, எங்கள் மோர்சிங்தான். ஓர் இரும்புச் சட்டம், நடுவே ஒரு நாக்கு. அந்த நாக்கின் சுருதி மாறாது. வாசிப்பவர் வாயைக் குவித்தும் விரித்தும் அதன் மேற்சுரங்களில் சிலவற்றைத் தூக்குகிறார், சிலவற்றை அமுக்குகிறார். ஒற்றைச் சுருதி பேசத் தொடங்கிவிடுகிறது. இந்தச் சிறு இரும்பின் வேலையைப் புரிந்துகொண்டவருக்கு, இன்று எங்கள் பிள்ளைகளின் அறைச் சுவர்களை அதிரவைக்கும் பேஸ் ஒலிகளும் அந்நியமாக இரா.

அவ்வொலிகளை ஆக்கும் மென்பொருள் சிந்தசைசர்களில் பேர்பெற்றது 'மாசிவ்'. பெர்லினின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனம் 2000களின் நடுப்பகுதியில் கொண்டுவந்தது. டப்ஸ்டெப் இசையின் அடையாளமாகிப்போன அந்த 'வவ் வவ்' அதிர்வோடு அதன் பெயரும் ஒட்டிக்கொண்டது. வேலைமுறை எளியது. மூன்று அலையாக்கிகள் மேற்சுரங்கள் நிறைந்த ஒரு முரட்டு ஒலியை எழுப்புகின்றன. அது ஒரு வடிகட்டிக்குள் போகிறது. காதுக்குக் கேட்காத, நொடிக்குச் சில தடவை மட்டும் அசையும் இன்னொரு அலை அந்த வடிகட்டியைத் திறந்து மூடுகிறது. மர்ரன்சானோக்காரரின் வாய் செய்வதும் இதைத்தான். கடைசியில் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் 50 ஹேர்ட்ஸ் அதிர்வை எழுப்ப முடியாது. ஆனால் சிதைவு உண்டாக்கும் மேற்சுரங்களைக் கேட்டதும், அங்கே இல்லாத அடிச்சுருதியைக் காது தானே ஊகித்துக்கொள்கிறது.

கருவியாக மாசிவ் மீது எனக்குப் பெரிய குறையில்லை. என் குறை பெயர்கள் மீது. இவ்வகை மென்பொருள்களில் ஆயத்த ஒலிகளை அடுக்கிவைக்கும் சொற்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: இருண்டது, மூர்க்கமானது, அழுக்கானது, உறுமுவது. 'இருண்ட' ஒலி என்றால் மேல் அதிர்வெண்கள் வெட்டப்பட்ட ஒலி. அவ்வளவே. தொழில்நுட்பச் சொல்லாகத் தொடங்கியது மெல்ல மெல்லக் குணச்சொல்லாகிவிடுகிறது. மர்ரன்சானோவுக்கும் இதே கதி நேர்ந்தது. நாட்டுப்புறத்தார் வாசித்த கருவி அது. 1970இல் எலியோ பெத்ரி எடுத்த, கொலைகாரக் காவல் அதிகாரி ஒருவரைப் பற்றிய படத்துக்கு என்னியோ மோரிக்கோனே அதைப் பயன்படுத்தினார். அவ்வகைப் படங்களுக்குப் பிறகு அந்த இரும்பு நாக்கு துடித்தாலே ஏதோ வில்லங்கம் என்று பார்வையாளர் நினைக்கப் பழகிவிட்டார்.

எங்களுக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் பறையைச் செத்தவீட்டு மேளம் என்று ஒதுக்கியதற்கும் அதன் ஓசைக்கும் சம்பந்தமில்லை. அடித்தவரின் சாதியே காரணம். மட்டக்களப்பில் அதே பறைக்குக் கூத்தே இருக்கிறது. தென் தமிழகத்து உறுமியைப் பாருங்கள். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்க, அது அடிவயிற்றிலிருந்து முனகி மேலேறுகிறது. அதன் பெயரே உறுமல். மலேசியத் தமிழ் இளைஞர்கள் தைப்பூசத்துக்கு அதைக் குழுக்குழுவாக வாசிக்கிறார்கள். ஆனால் எங்கள் கலைவிழா மேடைகளில் அது நெடுங்காலம் இரைச்சல் என்றே கருதப்பட்டது. தோலிலிருந்து வந்தபோது நாங்கள் மறுத்த உறுமலை, எங்கள் பிள்ளைகள் இப்போது பெர்லினிலிருந்து காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இந்த இரண்டையும் ஒரே இழையில் கேட்டவர் மாயா அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் அவர் வெளியிட்ட 'அருளர்' தொகுப்பின் தொடக்கம், ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒற்றைப் பெட்டியில் அவர் செய்த முன்மாதிரிகள். 2007இன் 'கலா'வுக்காகச் சென்னைக்குப் போய் உறுமிக்காரர்களைப் பதிவு செய்தார். 'பாய்ஸ்' பாடலில் இயந்திரத்துக்கும் தோலுக்கும் ஒரே உரப்பு, ஒரே முரட்டுத்தனம். எது எதுவென்று பிரிக்க முடியாது. உறுமியை மணம் சேர்க்கும் மசாலாவாக அவர் தூவவில்லை. பாட்டின் எலும்பே அதுதான். புலம்பெயர் தமிழ் இசையில் அந்தத் துணிச்சலை நான் மிக அரிதாகவே கேட்கிறேன். பெரும்பாலானவை லண்டன் தாளத்தின் மேல் ஒரு வீணையை வைத்துவிட்டுக் கலப்பிசை என்கின்றன.

மாசிவுக்குள் எங்கள் ஒலியை ஏற்ற வழியில்லை. அது தரும் அலைகளில்தான் தெரிவு. 2014இல் வந்த 'சீரம்' அந்தக் கதவைத் திறந்தது. உறுமியின் ஒரு முனகலைப் பதிவு செய்து அதற்குள் இட்டால், அதை 2048 புள்ளிகள் கொண்ட அலைத்துண்டுகளாக நறுக்கிக்கொள்ளும். பிறகு எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம். இதை இளையவர்கள் செய்து பார்க்கவேண்டும். செய்தால் ஒன்று உடனே விளங்கும். தோலின் நிறம் தங்குகிறது, தேய்ப்பவரின் கை தங்குவதில்லை. எந்த இடத்தில் அழுத்துவது, எப்போது விடுவது என்ற முடிவுகள் அந்தத் துண்டுகளில் இல்லை. ஆயத்த ஒலியை அப்படியே போட்டால், வடிகட்டி தாளக்கணக்குக்குப் பூட்டப்பட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரேமாதிரித் திறக்கும். உறுமிக்காரர் இரண்டு தடவை ஒரேமாதிரித் தேய்ப்பதில்லை.

ஆகவே மென்பொருள் போதும் என்று சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். பறை இப்போது எங்கள் மேடைகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அதை அடிப்பவரை அழைத்து, கூலி கொடுத்து, தொகுப்பின் அட்டையில் பெயர் போட்டு, மடிக்கணினிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பதிவு செய்யட்டும். அந்தக் கோப்பைச் சேமிக்கும்போது 'இருண்டது' என்ற வகைக்குள் போடாமல் உறுமி என்றே பெயரிடட்டும்.