பேசுறவங்க பேரை எழுது

வகுப்பில் வாத்தியார் இல்லாதபோது லீடர் சாக்பீஸோடு கரும்பலகைக்குப் போவான். பேசுகிறவர்கள் பெயரை எழுதுவது அவன் வேலை. எழுதிய பிறகும் அடங்காவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ படித்த யாரைக் கேட்டாலும் ஒருநாளாவது அந்தப் பட்டியலில் இருந்திருப்பார்கள். பேச்சு குற்றம், மௌனம் ஒழுக்கம் என்று பத்து வருஷம் பாடம் நடத்திய அதே பள்ளி, இப்போது ஒரு பெட்டியை வைத்து 'மனசுல இருக்கறத எழுதிப் போடுப்பா' என்கிறது.

2021 நவம்பரில் கோவை மாணவியின் தற்கொலைக்குப் பிறகு அரசு வைக்கச் சொன்ன 'மாணவர் மனசு' பெட்டியைத்தான் சொல்கிறேன். அதைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. ஆனால் பெட்டி எப்படிப்பட்ட பிரதியை அனுமதிக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அது மனுவை மட்டுமே அனுமதிக்கிறது. தனியாள் எழுதுவது, ரகசியமாகப் போடுவது, பதில் வருமா என்று தெரியாமல் காத்திருப்பது. பெயர் போடத் தேவையில்லை என்கிறார்கள். தினமும் நோட்டுத் திருத்துகிற தமிழய்யாவுக்குக் கோணல் 'ழ'வைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடுமே! சரி, 14417க்கோ 1098க்கோ கூப்பிடலாம் என்றால் போன் அப்பா கையில். அப்பா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் நிற்கிறார். 'நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா' என்ற ஒரு வாக்கியத்துக்கு விலை அவருடைய அரைநாள் கூலி. பையன் வாயை மூடிக்கொள்கிறான் என்றால் கூச்சத்தினால் அல்ல, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான்.

விளிம்புநிலையினர் பேச முடியுமா என்று ஸ்பிவக் 1988இல் கேட்டபோது, அவர்களுக்குக் குரல் இல்லை என்று அவர் சொல்லவில்லை, கேட்கிற அமைப்பு இல்லை என்றுதான் சொன்னார். நாங்குநேரியில் நடந்தது இதைவிடக் கொடுமை. அங்கே கேட்டார்கள். சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரை ஆசிரியர்கள் அழைத்துக் காரணம் கேட்டார்கள். சொன்னார். 2023 ஆகஸ்ட் 9 இரவு அந்த மாணவர்கள் அரிவாளோடு வீட்டுக்குள் புகுந்தார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. கேட்ட காதுக்கும் அரிவாளுக்கும் இடையில் பள்ளி என்ன செய்துகொண்டிருந்தது?

அது திருநெல்வேலிச் சமாச்சாரம் என்று விருதுநகர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட முடியாது. 1997இல் இங்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்கே கலவரம். கடைசியில் எல்லாக் கழகங்களின் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று 2019இல் கல்வித்துறை இயக்குநர் சுற்றறிக்கை விட்டபோது, எனக்குத் தெரியாமல் விட்டது என்று ஒதுங்கிக்கொண்டார் அமைச்சர்.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் 18இல் 610 பக்க அறிக்கை கொடுத்தது. கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் பார்த்துக்கொள்வது, 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர். இதையெல்லாம் எதிர்ப்பவர்கள் யார், ஏன் என்பது நமக்குத் தெரியும். எனக்கு உறுத்துவது வேறு. சமூக நீதி மாணவர் படை என்று ஒன்றைப் பரிந்துரைக்கிறார்கள், தனிச் சீருடையோடு, அணிவகுப்போடு. மறுபடியும் லீடர். சாதியை எதிர்க்கிற சொல்லாடலும் பள்ளிக்கூட வாசலுக்குள் வந்ததும் டிரில் மாஸ்டர் குரலில்தான் பேச வேண்டியிருக்கிறது.

1967இல் இத்தாலியில், பார்பியானா என்ற மலைக்கிராமத்துப் பள்ளிச் சிறுவர்கள் எட்டுப் பேர், ஏழைப் பிள்ளைகளைத் தோற்கடித்து வெளியே தள்ளுகிற ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சேர்ந்து எழுதினார்கள், யாருடைய வரி எது என்று பிரிக்க முடியாது. அதில் புள்ளிவிவரம் இருந்தது, கோபமும் இருந்தது. பெட்டிக்குள் போடவில்லை, புத்தகமாகவே போட்டார்கள். ஒரு பத்தாம் வகுப்பு முழுவதும் இப்படிச் சேர்ந்து எழுத முடியுமென்றால் கோணல் 'ழ' யாருடையது என்ற பிரச்சினை இல்லை. ஆனால் அதற்கு முதலில் அவர்கள் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும், சாதிக் கயிறு கட்டியவனும் கட்டாதவனும், வகுப்பிலேயே, பெயர் பலகையில் ஏறாமல். எழுதியதற்குத் தலைமை ஆசிரியரின் பதிலும் எழுத்தில் வர வேண்டும், தேதி போட்டு, எல்லோரும் படிக்கிற இடத்தில்.